அழுகிய செடியோடு போட்டி போடும் பொறி: ஹலிஸ்கோவின் நீலக் கத்தாழையும் கூன்வண்டும்

ஏழு வயதான கத்தாழைச் செடி ஒன்று. மடல்கள் சாம்பல் பூத்த நீல நிறத்தில் விறைப்பாக நிற்கின்றன. தள்ளி நின்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய் நடுக்குருத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. குருத்தின் அடி பழுப்புக் கூழாக இருக்கிறது. புளித்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது. அந்தக் கூழைக் கிளறினால் காலில்லாத, செம்பழுப்புத் தலையுடைய வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. இன்னும் உள்ளே, செடியின் நாரையே முறுக்கிச் செய்த கூடுகள்; ஒன்றைப் பிரித்தால் கூட்டுப்புழு. மடல் இடுக்கை விரித்தால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், வளைந்த மூக்கோடு, கறுப்பு வண்டு ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புழு முதல் வளர்ந்த வண்டு வரை எல்லாப் பருவமும் ஒரே செடிக்குள் குடியிருக்கின்றன.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் நீலக் கத்தாழை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்தக் கூன்வண்டை அவர்கள் 'பிக்குடோ' என்பார்கள்; மூக்கு நீண்டது என்று பொருள். அறிவியல் பெயர் ஸ்கைபோபோரஸ் அக்குபங்டேட்டஸ். இதைப் பிடிக்க வயல்களில் இரை வைத்த பொறிகள் வைக்கப்படுகின்றன. அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கிறேன். ஒரு தனிப்பண்ணையின் கணக்கு அல்ல இது. அந்தப் பகுதியின் பயிர், பூச்சி, பொறி மூன்றையும் சேர்த்து ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏழு வருடம் காத்திருக்கும் பயிர்

டெக்கீலா பானத்துக்கு ஒரே ஒரு கத்தாழையைத்தான் பயன்படுத்தலாம்: அகேவ் டெக்கிலானா, அதிலும் நீல வகை. 1974இல் டெக்கீலா என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவகான், நயாரித், தமௌலிபாஸ் மாநிலங்களின் சில நகராட்சிப் பகுதிகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன. டெக்கீலா எரிமலையைச் சுற்றியுள்ள பழைய கத்தாழை நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நட்டதிலிருந்து அறுவடை வரை ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். செடியின் செல்வம் மடலில் இல்லை. மடல்களை எல்லாம் சீவிவிட்டால் நடுவில் மிஞ்சும் கனத்த தண்டில் இருக்கிறது. பார்க்க அன்னாசிப்பழம் போல இருப்பதால் அதற்கு 'பீன்யா' என்றே பெயர். முப்பது நாற்பது கிலோ எடை சாதாரணம்; அதற்கு மேலும் போகும். வட்டமான வாயுடைய 'கோவா' என்ற கருவியால் ஹிமடோர் எனப்படும் அறுவடைத் தொழிலாளி மடல்களைச் சீவுவார். சர்க்கரை சேர்ந்திருப்பது அந்த பீன்யாவில்தான். வண்டுக்கு வேண்டியதும் அதேதான்.

இளஞ்செடியைவிட முதிர்ந்த செடியைத்தான் கூன்வண்டு அதிகம் நாடுகிறது. இதன் கொடுமையை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நெல்லிலோ மிளகாயிலோ பூச்சி விழுந்தால் ஒரு பருவம் போகும். அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். இங்கே களையெடுத்து, உரமிட்டு, ஆறு வருடம் காத்து, இன்னும் சில மாதத்தில் வெட்டலாம் என்று நினைத்திருக்கும் செடிதான் குருத்தோடு கழன்று வருகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. நீலக் கத்தாழை விதையில் வளர்க்கப்படுவதில்லை. தாய்ச்செடியின் அடியில் கிளம்பும் பக்கக்கன்றுகளைப் பெயர்த்து நடுகிறார்கள். அதனால் லட்சக்கணக்கான செடிகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. 1990களின் இறுதியில் பியூசேரியம் பூஞ்சையும் மென்னழுகல் பாக்டீரியாவும் சேர்ந்து வயல்களை அழித்தபோது, 2000 வாக்கில் கத்தாழைக்குக் கடும் தட்டுப்பாடு வந்து விலை பலமடங்கு ஏறியது. கூன்வண்டு அந்தக் கதைக்கு வெளியே இல்லை. மென்னழுகல் பாக்டீரியாவை உடம்பில் சுமந்து செடிக்குச் செடி கொண்டுபோகக் கூடியது அது. மூக்கால் துளை போட்டு முட்டையிடும்போதே கிருமிக்கும் வாசல் திறந்துவிடுகிறது. புழு கொஞ்சம் தின்னும். அழுகல் மீதியை முடித்துவிடும்.

மருந்து ஏன் எட்டுவதில்லை

தென்னையில் சிவப்புக் கூன்வண்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டும் ஒரே குடும்பத்து வண்டுகள். வாழைத் தண்டிலும் கிழங்கிலும் வரும் கூன்வண்டும் இவற்றுக்கு உறவுதான். மூன்றுக்கும் ஒரே பழக்கம்: வாழ்நாளின் பெரும்பகுதி செடியின் உள்ளே. முட்டை சில நாளில் பொரிந்துவிடும். புழு இரண்டு மூன்று மாதம் பீன்யாவுக்குள் சுரங்கம் போட்டுத் தின்னும். பிறகு நார்க்கூட்டுக்குள் உறக்கம். மேலே தெளிக்கும் மருந்து அந்தக் கனத்த மடல் அடிகளைத் தாண்டி உள்ளே போவதில்லை.

வளர்ந்த வண்டாவது வெளியே வருமா என்றால், அதுவும் பகலில் மடல் இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. அந்தி சாய்ந்தபின்தான் நடமாட்டம். பறக்கத் தெரியும், ஆனால் அரிதாகத்தான் பறக்கிறது, பெரும்பாலும் நடைதான். மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அந்தக் காலம் முழுக்க முட்டையிடுகிறது. ஒரு தெளிப்பில் தப்பிய வண்டுகளே வயலை மறுபடி நிரப்பப் போதும்.

உள்ளே புழுவாக இருக்கும்வரை அதை எட்ட முடியாது; வெளியே நடக்கும்போது வாசம் காட்டி அதை இழுக்கலாம். பொறியின் அடிப்படை இவ்வளவுதான்.

எந்த வாசத்துக்கு வருகிறது

மெக்சிகோ விவசாயிகள் ஆராய்ச்சி வருவதற்கு முன்பே இதைக் கவனித்திருந்தார்கள். வெட்டிய கத்தாழைத் துண்டு புளிக்க ஆரம்பித்தால் வண்டு தேடி வரும். அந்தத் துண்டுகளில் பூச்சிமருந்து கலந்து வயலில் ஆங்காங்கே வைப்பது பழைய முறை. ஆனால் பச்சைத் துண்டு அவ்வளவாக இழுக்காது, புளித்தால்தான் இழுக்கும். முழுக்கக் காய்ந்துபோனால் மறுபடி ஒன்றுமில்லை. இரையின் பலம் அந்த நடுப்பட்ட நாட்களில் இருக்கிறது.

அப்புறம் வந்தது வண்டின் சொந்த வாசம். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண் வண்டுகள் விடும் வாசனைக் கலவையைப் பிரித்துக் காட்டியது. அதில் நான்கு பொருட்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது 2-மீத்தைல்-4-ஆக்டனோன். நம் விவசாயிகள் இனக்கவர்ச்சிப் பொறி என்றதும் பருத்திக் காய்ப்புழுவை நினைப்பார்கள். அங்கே பெண்ணின் வாசத்துக்கு ஆண் அந்துப்பூச்சி மட்டும் வரும். இங்கே கதை வேறு. நல்ல தீனி கிடைத்த ஆண் வண்டு, எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிடுகிறது. ஆணும் வரும், பெண்ணும் வரும். இதைக் கூட்டக் கவர்ச்சி வாசம் என்று சொல்லலாம். பொறிக்கு இது பெரிய லாபம், முட்டையிடும் பெண்ணே வந்து விழுகிறாள் என்பதால்.

இரண்டையும் சேர்த்து வைக்கும்போதுதான் பொறி முழு பலத்தோடு வேலை செய்கிறது. அந்த வாசத்தை அடைத்த வாசக்குப்பி மட்டும் வைத்தாலும் வண்டு வரும், புளித்த கத்தாழை மட்டும் வைத்தாலும் வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தனித்தனியாக வருவதைவிட அதிகம் வருகின்றன. இதில் வியப்பில்லை. வயலில் வண்டு சந்திக்கும் உண்மையான இடமும் அப்படித்தான் இருக்கிறது: புளிக்கும் செடி, அதற்குள் அழைக்கும் ஆண். பொறி அந்த இடத்தைப் போலச் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இதுதான் சிக்கலாகப் போகிறது.

பொறியைக் கையில் எடுத்துப் பார்த்தால்

கருவி எளியது. நான்கு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி, பக்கவாட்டில் வெட்டிய சன்னல்கள், மூடியின் உட்புறத்தில் கம்பியில் தொங்கும் வாசக்குப்பி, அடியில் கைப்பிடியளவு பீன்யாத் துண்டுகள், சோப்பு கலந்த தண்ணீர். வண்டு நடந்து வரும் பூச்சி என்பதால் பொறி தரையோடு இருக்க வேண்டும். சன்னலின் விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி ஜாடியைப் பாதி புதைப்பது நல்லது. தூக்கிக் கட்டிய பொறியின் வழுக்கும் சுவரை வண்டு ஏற வேண்டியிருக்கும்; பாதி வண்டு வெளியிலேயே நின்றுவிடும்.

சோப்புத் தண்ணீர் சின்ன விஷயம் போலத் தெரியும். அது இல்லாவிட்டால் பொறி வண்டு வளர்க்கும் தொட்டியாகிவிடும். உள்ளே வந்த பெண், அந்தத் துண்டிலேயே முட்டையிட்டுவிட்டு வெளியேறிப் போகலாம். இதே காரணத்துக்காக, மாற்றி எடுத்த பழைய துண்டுகளை வரப்பில் வீசக் கூடாது. ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது எரித்துவிட வேண்டும். பொறி வைப்பதில் நடக்கும் தவறுகளில் இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அவ்வளவு உழைத்துப் பிடித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு அதே வண்டை வளர்ப்பது.

வெயில் காலத்தில் தண்ணீர் சில நாளில் வற்றும், துண்டுகள் சருகாகும். அதனால் செடி நிழலில் வைப்பார்கள், இரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல மாற்றுவார்கள். வாசக்குப்பி அதைவிட நீண்ட நாள் வரும். அதில் போட்டிருக்கும் காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். கண்ணுக்குக் குப்பி காலியாகத் தெரியாது, வாசம் போயிருக்கும்.

எங்கே வைப்பது? வயலின் நடுவில், நல்ல முதிர்ந்த செடிகளுக்கு மத்தியில் வைக்க எல்லாருக்கும் கை போகும். அங்கேதானே காப்பாற்ற வேண்டியது இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வாசத்தைப் பிடித்து வரும் எல்லா வண்டும் ஜாடிக்குள் விழுவதில்லை. கிட்டே வந்து, பக்கத்துச் செடி இன்னும் வாகாக இருக்கிறதே என்று அங்கே தங்கிவிடும். ஆகவே பொறி வயலின் ஓரத்தில், வண்டு உள்ளே நுழையும் பக்கத்தில் இருப்பது மேல். பொறிக்கு அக்கம்பக்கத்துச் செடிகளைப் பொறி பார்க்கும் நாளிலேயே குருத்தை ஆட்டிச் சோதிக்க வேண்டும்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஜாடியைத் தூக்கி, தண்ணீரைச் சல்லடையில் ஊற்றி, கறுப்பு வண்டுகளை எண்ணி நோட்டில் எழுதுகிறோம். போன முறை ஆறு, இந்த முறை இருபது என்று வைத்துக்கொள்வோம். வண்டு பெருகிவிட்டதா? இருக்கலாம். போன முறை இரை காய்ந்திருக்கலாம். இடையில் யாராவது மடல் சீவியிருந்தால், அந்த வெட்டுக்காயத்தின் வாசத்துக்குப் புது வண்டுகள் வந்திருக்கலாம். மழை பெய்து வண்டு நடமாட்டம் கூடியிருக்கலாம்.

எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து இன்னும் பெரிது, ஏனென்றால் அது நிம்மதி தருகிறது. இருபது மூன்றானதும் வண்டு ஒழிந்தது என்று நினைத்துவிடுவோம். குப்பியில் வாசம் தீர்ந்திருந்தாலும் மூன்றுதான் வரும். வயலுக்குள் இதைவிட வாசமான இடம் ஒன்று உண்டாகிவிட்டாலும் மூன்றுதான் வரும். அதனால் பொறி எண்ணிக்கையைத் தனியாகப் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும்: வரிசை வரிசையாக நடந்து பார்த்த செடிகளில் எத்தனையில் குருத்து ஆடியது, எத்தனையில் மடலடியில் துளையும் பிசினும் இருந்தன. பொறியில் விழுவது நடமாடும் வண்டு மட்டும். செடிக்குள் இருப்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நம்பலாம். பொறி இறங்கி, ஆடும் குருத்து ஏறினால், பொறி தோற்றுக்கொண்டிருக்கிறது.

ஹலிஸ்கோவில் தாவரப் பாதுகாப்பு அமைப்புகள் நடத்தும் கண்காணிப்பிலும் பொறி பார்ப்பதும் வயலில் செடி பார்ப்பதும் கூடவே போகின்றன. கண்காணிப்புக்குச் சில பொறி போதும். வண்டின் தொகையையே குறைக்க வேண்டுமானால் அதிகப் பொறி, அதிக ஆள், விடாத பராமரிப்பு எல்லாம் தேவை. இந்த இரண்டு நோக்கத்தையும் குழப்பிக்கொண்டு, கண்காணிக்க வைத்த நாலு ஜாடியிடம் வயலைக் காப்பாற்றச் சொல்வதுதான் பலர் ஏமாறும் இடம்.

வயலிலேயே இருக்கும் பெரிய பொறி

இப்போது முன்னால் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். ஜாடிக்குள் இருப்பது கால் கிலோ புளித்த கத்தாழையும் ஒரு குப்பி வாசமும். பத்தடி தள்ளி, யாரும் கவனிக்காத ஒரு செடி அழுகிக்கொண்டிருக்கிறது. அதில் முப்பது கிலோ புளித்த கத்தாழை இருக்கிறது. உள்ளே உயிருள்ள ஆண் வண்டுகள், நாள் தவறாமல், தீராத குப்பிகளாக அழைத்துக்கொண்டிருக்கின்றன. வண்டு எங்கே போகும்?

பொறி வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் முதலில் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: அழுகிய செடிகளை எடுத்தீர்களா? எடுக்காத வயலில் பொறி வைப்பது, கூட்டம் நிரம்பி வழியும் சந்தைக்குள் நின்று தனியாளாகக் கூவுவது மாதிரி. செடியைத் தோண்டி முழுசாக எடுத்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய், பிளந்து எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். வரப்போரம் குவித்து வைத்தால் உள்ளிருக்கும் புழு வண்டாகி மறுபடி வயலுக்கே நடந்து வரும். முதிர்ந்த செடி கனமானது, மடலெல்லாம் முள். கூலி ஆகும், நாள் ஆகும். கெட்ட செடிக்கு வேறு செலவு செய்ய வேண்டுமா என்ற மனத்தாங்கலும் சேர்ந்து, இந்த வேலைதான் எப்போதும் தள்ளிப்போகிறது.

வெட்டுக்காயமும் ஒரு அழைப்புதான். கத்தாழை வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். பூந்தண்டு கிளம்பினால் பீன்யாவின் சர்க்கரை அதற்குள் ஏறிவிடும் என்பதால் அதை வெட்டிவிடுவார்கள். வரிசைக்குள் நடக்க வசதியாக மடல் நுனிகளைச் சீவுவதும் உண்டு. இரண்டும் அவசியமான வேலைகள்தான். ஆனால் வெட்டிய நாளில் அந்தச் செடியிலிருந்து கிளம்பும் வாசம் வண்டுக்குச் சேதி சொல்லிவிடும். வெட்டுக்கு முன்பே பொறிகளில் புது இரை வைத்துத் தயாராக இருந்தால், வருகிற வண்டில் ஒரு பங்காவது ஜாடிக்குப் போகும்.

நோய் பரப்பும் பூஞ்சைகளுக்கு நடுவே பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளும் உண்டு. பெவேரியா பேசியானா அவற்றில் ஒன்று. பூச்சிக்குள் புகுந்து கொல்லும் நூற்புழுக்களையும் இந்த வண்டின் மேல் சோதித்திருக்கிறார்கள். புழு இருக்கும் இடம் ஈரமானது, இருட்டானது என்பதால் நூற்புழுவுக்கு அது ஏற்ற இடம்தான். பொறியோடு இவற்றைச் சேர்க்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அழுகிய செடியை எடுக்கும் வேலைக்கு மாற்றாக இவற்றை நினைப்பது மட்டும் பிடிக்கவில்லை.

பக்கத்து வயல்

சரி, ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம்?

கத்தாழை விலை ஊஞ்சல் மாதிரி. தட்டுப்பாடு வந்தால் எல்லாரும் நடுவார்கள், அவர்கள் நட்டது ஆறேழு வருடம் கழித்து ஒன்றாக முதிரும், விலை விழும். 2021, 2022இல் கிலோ 30 பெசோ (மெக்சிகோ நாணயம்) அளவுக்குப் போன விலை, 2024இல் சில பெசோக்களுக்கு இறங்கிவிட்டது. அந்த விலைக்கு அறுவடைக் கூலிகூடக் கட்டுபடியாகாதவர்கள் வயலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்ட வயலில் செடி முதிர்ந்துகொண்டே போகிறது. பூந்தண்டு வெட்ட ஆளில்லை, அழுகியதை எடுக்க ஆளில்லை. வண்டுக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது.

விட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு வருட உழைப்பு அடிவிலைக்குப் போன பிறகு அவர் எந்தக் கையால் செலவு செய்வார்? ஆனால் அவருடைய வயலிலிருந்து நடந்து வரும் வண்டுக்கு வேலி கிடையாது. இந்த நிலையில் பொறி ஒருவர் வேலையாக இருந்தால் போதாது. வேலியோரப் பொறிகளை இரண்டு வயலுக்கும் பொதுவாக வைத்து, எண்ணிக்கையைப் பகிர்ந்துகொண்டு, கைவிட்ட வயலின் அழுகிய செடிகளை ஊர் சேர்ந்து எடுப்பதற்கு வழி தேட வேண்டும். பொறிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கூலிக்குப் போனால், பொறிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இதே வண்டு மொரேலோஸ் மாநிலத்தில் சம்பங்கிப் பூ வயல்களிலும் சேதம் செய்கிறது. சம்பங்கியின் தாய்நாடு மெக்சிகோ; இப்போது தாவரவியலார் அதையும் கத்தாழை இனத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், வண்டுக்கு முன்பே தெரிந்த உறவு அது. கிழக்கு ஆப்பிரிக்காவின் நார்க்கத்தாழைத் தோட்டங்கள் வரை இந்த வண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. நடவுக் கன்றோடும் அலங்காரச் செடியோடும் பயணம் செய்வது அதற்கு எளிது. அதனால் பக்கக்கன்று வாங்கும்போது அடியைச் சீவிப் பார்ப்பதும், துளையுள்ள கன்றை ஒதுக்குவதும் பொறிக்கு முந்தைய வேலை.

அறுவடை முடிந்த வயலைப் பற்றி ஒரு வார்த்தை. விற்க முடியாத அழுகிய பீன்யாக்களும் அடிக்கட்டைகளும் வயலிலேயே கிடக்கும். அவற்றை எடுத்துவிட்டால் நிலம் வெறுமையாகிறது. தப்பிய வண்டுகள் மண்ணோரத்திலும் சருகுக்கடியிலும் இன்னும் இருக்கின்றன. நாடிப் போக ஒரு செடிகூட அங்கே இல்லை. பொறியோடு போட்டி போட எதுவும் இல்லாத மாதங்கள் ஏழு வருடத்தில் இவை மட்டும்தான். பெரும்பாலும் அறுவடையோடு ஜாடிகளையும் எடுத்துக் கொட்டகையில் போட்டுவிடத் தோன்றும். அப்போதுதான் புது இரை வைத்து, புதுக் குப்பி மாட்டி, அடுத்த கன்றுகளை நடும்வரை விட்டு வைக்க வேண்டும்.